டாக்டர் வீட்டில் எத்தனை நாய்

உக்காருங்க, உக்காருங்க. இந்த வரிசையில ஃபேன் காத்து நல்லா வரும். அது வேண்டாங்க, அந்த நாற்காலிக்குக் கால் ஆடுது. காலையில ஒருத்தர் மருந்து விட்ட கண்ணோட அதுல உக்காந்து அப்படியே சரிஞ்சு போயிட்டாரு. இப்படி என் பக்கத்துல வாங்க.

எனக்கு ஒரு தடவை மருந்து விட்டாச்சுங்க. கண்ணுப் பாப்பா விரியறதுக்கு. இன்னும் ரெண்டு தடவை விடுவாங்களாம். பேப்பர் படிக்க முடியாது, போன் பாக்க முடியாது. உங்க மூஞ்சியே எனக்குப் புகைக்குள்ள இருக்கற மாதிரிதான் தெரியுது. பேசறதைத் தவிர வேற வேலை இல்லீங்க. என் பேரு சென்னியப்பன். காங்கயம் பக்கம். நீங்க? சித்தோடுங்களா? சரி சரி, நம்ம பக்கந்தான்.

என்ன கேட்டீங்க, இந்த டாக்டரம்மா நல்லாப் பாப்பாங்களான்னா? அட, கேக்க வேண்டிய ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கீங்க. இந்தக் கோயமுத்தூர்ல லேசர் பண்ற கண் டாக்டருங்க ஜாதகம் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் பெரிய படிப்புப் படிச்சவன் இல்லீங்க, தேங்காயெண்ணெய் மில்லுல மேஸ்திரியா இருந்தவன். ஆனா விசாரிக்கறதுல நம்மளை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம் பேசினா மொதல்ல என்னைத்தான் கூப்புடுவாங்க. மாப்பிள்ளை எப்படின்னு சத்தமில்லாம விசாரிச்சுட்டு வரணும். அதுக்கு ஒரு முறை இருக்குங்க. மாப்பிள்ளை வீட்டுக்குள்ள போகவே கூடாது. மாப்பிள்ளையைப் பாத்து நேரா ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா எவன் உண்மையைச் சொல்லுவான்? தெரு முக்குல அயர்ன் வண்டி நிக்கும் பாருங்க, அங்க போகணும். துணி தேய்க்கறவருக்குத் தெரியாதது ஒண்ணுமே கிடையாது. யார் சட்டையில சிகரெட் ஓட்டை இருக்கு, யார் வீட்டுத் துணி ஒரு மாசமா வரலை, யார் வீட்டுத் துணியில புதுசா ஒரு ஆளோட துணி சேந்து வருது, எல்லாம் அவர் கையில. அடுத்தது மருந்துக்கடை. அப்பறம் பால்காரர். இந்த மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா முடிஞ்சுது, தட்டு மாத்திக்கலாம்.

எழுபத்திரண்டு வீடு விசாரிச்சிருக்கேன். ஒண்ணுகூடத் தப்பாப் போனதில்லை. ரெண்டு போச்சு, அது வேற விஷயம். அதுல ஒண்ணு, தரகர் சொன்ன பேங்குல அண்ணன் தம்பி ரெண்டு பேருமே வேலை பாத்தாங்க. நான் அண்ணனை விசாரிச்சு, தங்கமான பையன்னு சொல்லிட்டு வந்தேன். கட்டிவெச்சது தம்பியை. அது என் தப்பா? இன்னொண்ணைப் பத்தி இப்ப வேண்டாங்க, அந்த வீட்டு ஆளுங்க இந்த ஆஸ்பத்திரிக்கும் வருவாங்க.

யாருக்காக வந்திருக்கேன்னு சொல்லலியே. என்ற பொண்ணுக்குத்தானுங்க. பிரதீபான்னு பேரு. உள்ள ஸ்கேன் எடுத்துட்டு இருக்கா.

வயசுங்களா? இருபத்தஞ்சு. திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்புல வேலை. வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்பி, இதே கலர் வேணும்பான் பாருங்க, அந்தக் கலரை அப்படியே கொண்டு வர்ற வேலை. நமக்கெல்லாம் நீலம்னா நீலம், அவ்வளவுதான். அவ அதுல பதினேழு நீலம் சொல்லுவா. எங்கூட்டுக்காரி பச்சைச் சேலைக்குப் பச்சை ரவிக்கை எடுத்துட்டு வந்து நிப்பா, இவ பாத்துட்டு, "அம்மா, இது ரெண்டும் சண்டை போட்டுக்குது"ம்பா. அப்படிப்பட்ட கண்ணு. ஆனா ரெண்டு பக்கமும் மைனஸ் ஆறு. ஆறாங்கிளாஸ்ல போட்ட கண்ணாடி.

அந்தக் கண்ணாடி அவளுக்கு ஒரு விதத்துல தொந்தரவு. சாயம் கொதிக்கற ஆவி அடிச்சா ஒண்ணும் தெரியாது, நிமிஷத்துக்கு ஒருக்கா துடைக்கணும். எங்களுக்கு வேற விதத்துல தொந்தரவு. பாக்க வந்த நாலு இடத்துல மூணு இடம், "பொண்ணு லட்சணமா இருக்கா, கண்ணாடி இல்லாம ஒரு போட்டோ கிடைக்குங்களா?"ன்னு கேட்டாங்க. போட்டோவுக்குக் கண்ணாடியைக் கழட்டலாங்க. கல்யாணத்துக்கு அப்பறம்? புருசன் எந்தப் பக்கம் நிக்கறான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? அதனால லேசர் பண்ணிடலாம்னு நான்தான் முடிவு பண்ணினேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அப்பா, இந்தக் கண்ணை வெச்சுத்தான் நான் சோறு தின்னறேன். டாக்டரை நல்லா விசாரிச்சுக்கலாம்."

விசாரிக்கணும்னு என்கிட்டயே சொல்றா பாருங்க.

நட்சத்திரமா? சதயம், கும்ப ராசி. ம்ம், எங்க விட்டேன்?

இருங்க, சிஸ்டர் வர்றாங்க. விடுங்கம்மா, விடுங்க. ஸ்ஸ்ஸ், எரியுதும்மா. நல்லா மூடிக்கறேன், நீங்க போங்க. நீங்க சொல்லுங்க... அட, நான்தான சொல்லிட்டு இருந்தேன். கண்ணை மூடிட்டே பேசறேன், வாய்க்கு மருந்து விடலையே. உங்களுக்கு விடலீங்களா? இன்னும் பேர் கூப்பிடலை போல. கூப்புடுவாங்க, அவசரப்படாதீங்க.

ரெண்டு டாக்டர் பேரை எடுத்துக்கிட்டேன். ஒண்ணு இந்த அம்மா, டாக்டர் மைதிலி. இன்னொருத்தர் டாக்டர் தண்டபாணி, இன்னொரு ஆஸ்பத்திரி.

மொதல்ல இந்த அம்மா தெருவுக்குப் போனேன். அயர்ன் வண்டியில என்ற வேட்டியைக் குடுத்துட்டு மெதுவாப் பேச்சைத் தொடங்கினேன். அவர் சொன்னாரு, "ரெண்டு நாய் இருக்குதுங்க. யார்கூடவும் நின்னு பேச மாட்டாங்க. வெள்ளைக் கோட்டுல ஒரு மடிப்பு நூலளவு கோணலா விழுந்துட்டா திருப்பி அனுப்பிருவாங்க." மருந்துக்கடையில கேட்டேன். "ஐயோ, அந்தம்மாவா? ஒவ்வொரு அட்டையிலயும் தேதி பாக்காம வாங்க மாட்டாங்க, வியாபாரமே பண்ண விட மாட்டாங்க"ன்னாரு. பால்காரர், "நாப்பத்தஞ்சு வயசு, இன்னும் கல்யாணம் ஆகலைங்க, அம்மாவும் பொண்ணுந்தான்"னாரு. அதுக்கு மேல அந்தம்மா கார்ல போறதை நானே பாத்தேன். கண்ணாடி போட்டிருக்காங்க! கண் டாக்டர், அடுத்தவங்க கண்ணாடியைக் கழட்டற டாக்டர், மூக்கு மேல கண்ணாடி! நீங்களே சொல்லுங்க. கோபக்காரி, கடைக்காரரையே நம்பாத சந்தேகம், ரெண்டு நாய், தன் கண்ணையே சரி பண்ணிக்கலை. பத்துக்கு மூணு மார்க் போட்டேன். அந்த மூணும் நாயைப் பட்டினி போடாததுக்கு.

தண்டபாணி பத்துக்குப் பத்துங்க. சென்னிமலைப் பக்கம் பூர்வீகம். அம்மா கால்ல விழுந்துட்டுத்தான் காலையில கிளம்புவாரு. தீபாவளிக்கு அயர்ன்காரருக்குச் சட்டைத்துணி எடுத்துக் குடுப்பாரு. தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது. கார்த்திகைக்குக் கார்த்திகை அன்னதானம். கண்ணாடி போடலை. பஸ் ஸ்டாண்டு எதிர்ல நாலு மாடி உசரத்துக்கு அவர் படம், கையைக் கட்டிட்டு சிரிச்சுட்டு நிக்கறாரு, 'ஆடி மாதச் சலுகை, இரண்டு கண்களுக்கும் சேர்த்து'ன்னு. ஒரு கண்ணுக்கு மட்டும் எவனாவது பண்ணுவானான்னு கேக்காதீங்க, அது ஆஸ்பத்திரிக்காரங்க போட்டது, அவருக்குச் சம்பந்தமில்லை.

மூணு வாரம் அலைஞ்சேன். முழங்கால் வீங்கிப் போச்சு. வந்து பொண்ணுகிட்ட, "கண்ணு, டாக்டர் அமைஞ்சுட்டாரு"ன்னேன்.

போனோம். நல்ல மனுசன், எழுந்து நின்னு கும்புட்டாரு. எங்கூட்டுக்காரிகிட்ட சென்னிமலைத் தேர் பத்தியெல்லாம் பேசினாரு. எல்லாம் கூடி வர்ற நேரத்துல என்ற பொண்ணு ஒரு நோட்டை எடுத்துட்டா. நாலு கேள்வி எழுதி வெச்சிருக்கா. அவங்க லேப்புக்குப் புது மிஷின் வாங்கறப்ப இப்படித்தான் எழுதி வெச்சுக் கேப்பாங்களாம். எனக்குக் கூச்சமாப் போச்சுங்க. மாப்பிள்ளை பாக்க வந்த இடத்துல பொண்ணு நோட்டை எடுத்தா எப்படி இருக்கும்?

"சார், லேசரை நீங்களே பண்ணுவீங்களா?"ன்னா.

அவர் பொய் சொல்ற ஆள் இல்லீங்க, அதையும் நான் விசாரிச்சு வெச்சிருந்தேன். "நான் புரைக்கு ஆபரேஷன் பண்றவன்மா. லேசருக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை வெளியூர்ல இருந்து ஒரு டாக்டர் வர்றாரு"ன்னாரு.

"அவர் பேரு சார்?"

"இருந்தவர் போயிட்டாரும்மா. போன மாசத்துல இருந்து புதுசா ஒருத்தர். பேரு... ரிசப்ஷன்ல கேட்டுக்கோங்களேன்."

"பண்ணினதுக்கு அப்பறம் ஏதாவது ஆச்சுன்னா யாரைப் பாக்கறதுங்க சார்?"

"அடுத்த சனிக்கிழமை வந்தீங்கன்னா..."ன்னு அவரே பாதியில நிறுத்திட்டாரு.

படி இறங்கறப்ப என்ற பொண்ணு என் காதுகிட்ட வந்து, "அப்பா, மறுபடியும் தம்பியா?"ன்னா. எங்கூட்டுக்காரி வேற சிரிச்சுட்டா. மூணு வாரமா நான் விசாரிச்ச ஆள் நல்ல ஆளுங்க. லேசர்ல கை வைக்கப் போறது அவர் இல்லைங்கறது ஒண்ணுதான் குறை.

அப்பறம் அவளே போன் பண்ணி இங்க முறை வாங்கிட்டா. மூணு மார்க் வாங்கின அம்மாகிட்ட. நானும் சரி, பாத்துட்டுத்தான் போகட்டுமேன்னு கூட வந்தேன்.

அந்தா அந்த ரூமுலதான். உள்ள போய் உக்காந்தோம். அந்தம்மா ஃபைலைப் பாக்கலைங்க, என்னைப் பாத்தாங்க. கண்ணாடிக்கு மேலால.

"காங்கயமா நீங்க?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுல எத்தனை நாய்?"

கேட்டுட்டாங்களே, தெரிஞ்சதைச் சொல்லாம இருக்க முடியுமா? "ரெண்டுங்க"ன்னேன்.

"மூணு. ஒண்ணு அயர்ன்காரர் துணி வாங்க வர்ற நேரத்துல தூங்கும்"னாங்க. மூஞ்சியில சிரிப்பே இல்லை. "எங்க அயர்ன்காரர் ஒரு மாசமா ரொம்பச் சந்தோஷமா இருக்காரு. அம்மாவுக்கு இப்பவாவது ஒரு வரன் வந்துச்சேன்னு வாழ்த்துச் சொல்றாரு. காங்கயத்துல இருந்து பெரியவர் ஒருத்தர் வேட்டி தேய்க்கக் குடுத்துட்டு விசாரிச்சுட்டுப் போனாராம். மாப்பிள்ளை யாருன்னு தெரியாம எங்கம்மாவுக்குச் சோறு இறங்கலை."

பிரதீபா துப்பட்டாவை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டு குலுங்கறா. எனக்கு நாற்காலியோட தரைக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. எழுபத்திரண்டு வீட்டுல ஒரு வீட்டுலகூட நான் மாட்டினது இல்லீங்க.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "என்னைப் பத்தித் தெரியணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. இதோ இருக்கேன். கேளுங்க"ன்னாங்க.

ஒரு கேள்வி வரலைங்க. நேரா ஒரு ஆளைப் பாத்துக் கேட்டே பழக்கமில்லை. கடைசியில, "சௌக்கியங்களா?"ன்னு கேட்டேன்.

"சௌக்கியம்"னாங்க. அப்பறம் என்ற பொண்ணைப் பாத்து, "நீ கேளும்மா"ன்னாங்க.

இவ நோட்டைத் திறந்தா. அந்தம்மா ஒவ்வொண்ணுக்கும் நேராப் பதில் சொன்னாங்க. நான்தான் பண்ணுவேன், வேற யார் கையும் படாது. அப்பறம் ஏதாவது ஆனாலும் நான்தான் பாப்பேன், இதுதான் என் நம்பர். கண் டாக்டருக்குப் படிச்சதுக்கு மேல கருவிழிக்குன்னே தனியா ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன், பதிவு நம்பர் செவுத்துல இருக்கு, மெடிக்கல் கவுன்சில்ல பாத்துக்கலாம். இவ, "பாத்துட்டேன் மேடம்"ங்கறா. "எப்ப கண்ணு பாத்தே?"ன்னு நான் கேட்டேன். "வீட்டுல உக்காந்துதான்ப்பா, ரெண்டு நிமிஷம்"னா. என்ற முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்குதுங்க.

"எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க மேடம்? எத்தனை கெட்டுப் போச்சு?"

கேக்கற கேள்வியா இது? நான் அவ கையைத் தட்டினேன். ஆனா அந்தம்மா கோவிச்சுக்கலை. "ஆறாயிரம் கண்ணு இருக்கும். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு இன்னொரு தடவை தொட வேண்டி வரும். நெசமாவே கெட்டதுன்னா நாலு பேர். நாலு பேர் பேரும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒருத்தருக்கு இருட்டுல விளக்கைப் பாத்தா சிதறித் தெரியும், இப்பவும் என்கிட்டதான் வர்றாரு"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. எந்த மாப்பிள்ளை வீட்டுலயாவது, பையனுக்கு இன்னின்ன குறை இருக்குன்னு அவங்களே சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

ஸ்கேன் எடுத்தாங்க. மறுபடி எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லி மூணாந்தடவையும் எடுத்தாங்க. கலர் கலரா ஒரு படம் வந்துச்சு. அதைத் திருப்பி வெச்சு என்ற பொண்ணுகிட்டச் சொன்னாங்க. "லேசர்ல கருவிழியைத்தான் செதுக்கறோம். உனக்கு அது மெலிசா இருக்கு. இடது கண்ணுல கீழ்ப்பக்கம் லேசாச் சாய்வும் இருக்கு. இதைச் செதுக்கினா இன்னைக்கு நல்லாத் தெரியும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு முன்னாடி பிதுங்க ஆரம்பிச்சுட்டா, அப்பறம் கண்ணாடி போட்டாலும் இந்தப் பதினேழு நீலம் தெரியாது. உனக்கு இது வேண்டாம். நான் பண்ண மாட்டேன்."

பதினேழு நீலத்தை எப்பச் சொன்னாளோ தெரியலை.

எனக்குச் சுர்ருனு ஏறிப்போச்சுங்க. நாங்க வேண்டாம்னு சொல்லலாம், மூணு மார்க் போட்டது நான். அவங்க எங்களை வேண்டாங்கறதா? பொண்ணைப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி இருந்துச்சு. நாய் விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இப்படிப் பண்றாங்கன்னு எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். இப்ப சிரிக்கறீங்க, அன்னைக்கு நான் நெசமாவே நம்பினேன்.

பஸ்ல வந்துட்டு இருந்தோம். தண்ணி பாட்டில் எடுக்க அவ பையைத் திறந்தேனுங்க. உள்ள ஒரு கூலிங் கிளாஸ். புதுசு, காகிதம்கூடப் பிரிக்கலை. பவர் இல்லாத கூலிங் கிளாஸ். ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வர்றப்ப போட்டுக்கலாம்னு வாங்கி வெச்சிருக்கா. நாங்கதான் கல்யாணத்துக்காகக் கேக்கறோம், அவ சும்மா சரிங்கறான்னு நினைச்சுட்டு இருந்தேன். அவளுக்கும் அவ்வளவு ஆசை இருந்திருக்கு. பாட்டிலை எடுத்துட்டுப் பையை மூடிட்டேன்.

அந்த வேகத்துலதான் ஒரு காரியம் பண்ணினேன். தண்டபாணி ஆஸ்பத்திரிக்கு, அதான் அந்தச் சனிக்கிழமை டாக்டர் வர்ற இடத்துக்கு, போன் போட்டேன். ஒரு பொண்ணு தேனாட்டம் பேசுச்சு. "ஸ்கேன் எல்லாம் அன்னைக்கே பாத்துக்கலாம் சார், மத்தியானமே வீட்டுக்குப் போயிரலாம்"னுச்சு. மெலிசா இருக்குன்னு சொன்னாங்களேன்னு கேட்டேன். "எங்க சார் பாத்துக்குவாரு, யாருக்கும் முடியாதுன்னு சொன்னதே இல்லை"ன்னுச்சு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. தேதி வாங்கிட்டேன்.

வியாழக்கிழமை காலையில அவ வேலைக்குக் கிளம்பறப்ப சொன்னேன். கோபப்படுவான்னு நினைச்சேன். செருப்பைப் போட்டுக்கிட்டே, "அப்பா, மல்லிகா அத்தை வீட்டு அமெரிக்கா மாப்பிள்ளை ஞாபகம் இருக்குங்களா?"ன்னு கேட்டா.

மல்லிகா என்ற தங்கச்சிங்க. அவ பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு. பையன் மூணு வருஷம் அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தவன். மண்டபம் வரைக்கும் பேசியாச்சு. பேருக்கு விசாரிச்சுட்டு வாங்கன்னு என்னை அனுப்பினாங்க. அயர்ன்காரர் என்ன சொன்னாரு தெரியுங்களா? "எந்த அமெரிக்காங்க? மூணு வருஷமும் அந்தத் தம்பி சட்டையை நான்தான தேச்சேன்"னாரு. வந்து வேண்டாம்னு சொல்லிட்டேன். தங்கச்சி என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினா. எனக்கு, என்ற பொண்ணுக்கு வரன் அமையலைங்கற பொறாமைன்னுகூடச் சொன்னா. ரெண்டு வருஷம் எங்க வாசப்படி மிதிக்கலை.

"ஞாபகம் இருக்குது"ன்னேன்.

"சரின்னு சொல்லிருந்தா விருந்து போட்டிருப்பாங்க. வேண்டாம்னு சொன்னதுக்கு யாராவது ஒரு டம்ளர் காபி குடுத்தாங்களாப்பா?"

"இல்லை கண்ணு."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

"அந்தப் புள்ளை வாழ்க்கை போயிருக்குமே அம்மணி"ன்னேன்.

அவ கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா. நான் அங்கயே நின்னுட்டு இருந்தேன். எழுபத்திரண்டு வீட்டுல நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அந்த வேண்டாங்கறதுதானுங்க. அதைச் சொன்னதுக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும். அதே வார்த்தையை என்ற பொண்ணுக்கு ஒருத்தி சொன்னா, அவளை நாய்க்காரின்னு திட்டிட்டு வந்திருக்கேன். எனக்கே வெக்கமாப் போச்சு. அப்பவே போன் எடுத்து, "விசாரிச்சுட்டோம்மா, இடம் சரிப்படலை"ன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்பறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வர்றோம். கண்ணு மாறாம இருக்கான்னு ஸ்கேன் பாக்கறாங்க. போன தடவை ஒரு இம்மிகூட நகரலை. மாறலைன்னா கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கற முறை ஒண்ணு இருக்காம், அவசரமில்லை, யோசிக்கலாம்னாங்க. இப்ப ஆவி படியாத கண்ணாடி ஒண்ணு போட்டிருக்கா. அந்தக் கூலிங் கிளாஸை நான்தான் கடையில குடுத்து அவ பவர் போட்டு வாங்கியாந்தேன். எனக்கு எதுக்கு மருந்துன்னா, போன தடவை அந்தம்மா நான் படி ஏறறதைப் பாத்துட்டு, "காங்கயத்தாருக்குப் புரை இருக்கும் போல, அடுத்த தடவை பாக்கணும்"னாங்க. நாய் எண்ணிக்கையில தப்பு வந்ததுக்குக் காரணம் அதுதானாம். ஆக மொத்தம், என்ற விசாரணை ஒண்ணும் வீண் போகலைங்க. நூலளவு மடிப்பு கோணலா இருந்தா விட மாட்டாங்கன்னு அயர்ன்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு. மார்க் போட்டதுல மட்டும் கொஞ்சம் பிசகு.

இருங்க, சிஸ்டர். மூணாவதுங்களா? விடுங்க. ஸ்ஸ்ஸ். சரிம்மா.

ஏனுங்க.

நீங்க வந்து உக்காந்ததுக்கு அப்பறம் சிஸ்டர் ரெண்டு தடவை இந்த வரிசையில வந்துட்டுப் போயாச்சு. அந்தப் பக்கத்து அம்மாவுக்கு விட்டாங்க, எனக்கு விட்டாங்க. உங்களை மட்டும் ரெண்டு தடவையும் தாண்டிட்டுப் போறாங்க. உங்க மடியில ஃபைலும் இல்லை, கையில டோக்கனும் இல்லை. புகையாத் தெரிஞ்சாலும் அதெல்லாம் தெரியுதுங்க. கண் ஆஸ்பத்திரியில வந்து உக்காந்துட்டு நட்சத்திரம் கேட்டீங்களே, நானும் சதயம்னு சொல்லிட்டேனே!

சித்தோடு. போன மாசம் தரகர் ஒரு சித்தோட்டு வரன் சொன்னாரு, பையன் பெருந்துறையில இன்ஜினியர். அந்த வீடுங்களா? நீங்க பையனுக்கு யாரு, மாமாவா? பெரியப்பாவா?

பெரியப்பாவா. நல்லதுங்க. கும்புடறேன். நல்லாத்தான் விசாரிக்கறீங்க. நான்கூட பால்காரரோட நிறுத்திக்குவேன், நீங்க ஆஸ்பத்திரி பெஞ்சு வரைக்கும் வந்துட்டீங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்தப் பொண்ணு எதுக்கு கண் ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னு பாக்க வந்தீங்களாக்கும். எங்க தெரு அயர்ன்காரர்தான சொன்னாரு? சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

பயமாத்தானுங்க இருக்கு, மறைக்க மாட்டேன். மெலிசு, சாய்வு, மைனஸ் ஆறு, எல்லாத்தையும் என் வாயாலயே கொட்டிட்டேன். நீங்க போய், பொண்ணு கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது, எனக்குத் தெரியாத வேலையா அது? கொஞ்ச நாளைக்கு முன்னாடின்னா உங்க கையைப் புடிச்சு, வெளிய சொல்லிராதீங்கன்னு கெஞ்சிருப்பேன்.

அந்தா கதவு திறக்குது. நீலச் சுடிதார், பதினேழுல எந்த நீலம்னு கேக்காதீங்க. அவ மூஞ்சி எனக்குத் தெரியலை, நடை தெரியுது. என்ற பொண்ணுதான்.

என்கிட்ட இனி ஒண்ணும் கேக்காதீங்க. பக்கத்து வீட்டுல கேக்காதீங்க, மருந்துக்கடையில கேக்காதீங்க. அவளே வர்றா, அவகிட்டயே கேளுங்க. கண்ணைப் பத்திக் கேளுங்க, எல்லாத்தையும் அப்படியே சொல்லுவா. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேங்க, அப்பறம் சங்கடப்படக் கூடாது. நீங்க கேட்டு முடிச்சதும் அவ பையைத் திறந்து நோட்டை எடுப்பா. உங்க பையனைப் பத்தி நாலு கேள்வி இருக்கும்.

நல்லா நிமிந்து உக்காருங்க. வாம்மா கண்ணு, இவரு சித்தோட்டுல இருந்து வந்திருக்காரு.